டம்ளரா, தொட்டியா, விதையா? வெங்காயத்தாளை வீட்டில் வளர்க்கும் வழிகள்

ஆம்லெட்டில் தூவுவதற்கு நான்கு வெங்காயத்தாள் போதும். கடையில் கட்டாகத்தான் தருவார்கள். மீதியை ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தாலும் மூன்றாம் நாள் நுனி மஞ்சளாகிறது. ஐந்தாம் நாள் நடுத்தண்டு வழவழத்துக் குப்பைக்குப் போகிறது. பொரியல் செய்யலாம் என்று ஆசைப்பட்டுக் கடைக்குப் போகும் நாளிலோ ஒரு கட்டுகூட இருக்காது. கொத்துமல்லி, கறிவேப்பிலையைப்போல எங்கள் தெருக் கடைகளில் எந்நேரமும் கிடைக்கும் பொருளாக அது இன்னும் ஆகவில்லை.

அதனால்தான் வீட்டிலேயே வளர்க்கத் தொடங்கினேன். தாம்பரத்துக்கு அருகே ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். கிழக்குப் பார்த்த பால்கனி; காலை பதினொரு மணி வரை வெயில் விழும். இந்த இடத்தை வைத்துக்கொண்டே ஆறு ஆண்டுகளில் ஐந்து வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன்: கடைக் கட்டின் வேர்ப்பகுதியைத் தண்ணீரில் நிறுத்துவது, அதையே மண்ணில் ஊன்றுவது, சின்ன வெங்காயத்தை நடுவது, முளைத்துப்போன பெரிய வெங்காயத்தை நடுவது, விதை தூவுவது.

எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் வெங்காயத்தாள் தூவுவதற்கா, பொரியலுக்கா? தூவுவதற்கு என்றால் வாரத்துக்குப் பத்துத் தாள் போதும். பொரியல் என்றால் கணக்கு வேறு. தாள் வாணலியில் விழுந்ததும் சுருங்கிவிடும். நான்கு பேருக்குப் பரிமாற இரண்டு கை கொள்ளும் அளவுக்கு நறுக்கிய தாள் வேண்டும். ஜன்னலோரக் கண்ணாடி டம்ளரை நம்பி யாரும் அந்தப் பொரியலைச் செய்ய முடியாது.

வழிகளுக்குப் போகுமுன் இந்தச் செடி எப்படி வளர்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். வேருக்கு மேலே, வட்டமாக, கெட்டியாக ஒரு தட்டு இருக்கிறதே, வெங்காயம் நறுக்கும்போது நாம் வெட்டி எறிவது, அதுதான் உண்மையில் இந்தச் செடியின் தண்டு. தாள்கள் எல்லாம் அதிலிருந்தே கிளம்புகின்றன. புதிய தாள் அடியில் பிறந்து, பழைய தாளின் குழலுக்குள்ளேயே ஏறி மேலே வருகிறது. காலையில் ஒரு செடியைக் கத்தரித்துவிட்டு மாலையில் போய்ப் பாருங்கள். வெளித்தாளின் வெட்டு அப்படியே காய்ந்து நிற்கும். அதன் நடுவிலிருந்து உள்தாள் மட்டும் ஒரு நூல் அளவு மேலே எழுந்து, ஈரப் பச்சையாக நின்றுகொண்டிருக்கும். நானே இன்றும் அதைக் குனிந்து பார்க்காமல் உள்ளே வருவதில்லை.

ஆகவே அந்த அடித்தட்டும் அதற்குமேல் இரண்டு விரற்கடை வெண்பகுதியும் பத்திரமாக இருந்தால் வெங்காயம் திரும்பத் தழைக்கும். கேள்வி, அந்தத் தாளுக்கான உணவு எங்கிருந்து வருகிறது என்பதுதான். கிழங்கில் சேர்ந்திருக்கும் சத்தா, மண்ணா, வெயிலா? ஐந்து வழிகளுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்குகிறது.

எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது டம்ளர்தான். நானும் அதில்தான் தொடங்கினேன். கடைக் கட்டின் வேர்ப்பகுதியை வெண்தண்டோடு வெட்டி, வேர் மட்டும் நனையும் அளவு தண்ணீரில் நிறுத்தினால் மறுநாளே பச்சை தெரிகிறது. ஒரு வாரத்தில் ஒரு சாண் வளர்ந்துவிடும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு செடி நாளுக்கு நாள் உயர்வதை இவ்வளவு விரைவாகக் காட்டும் வேறொன்று சமையலறையில் கிடையாது.

ஆனால் குழாய்த் தண்ணீரில் செடிக்குச் சாப்பாடு இல்லை. முதல் வெட்டில் வரும் தாள் வெண்தண்டில் எஞ்சியிருந்த சத்தில் வந்தது. இரண்டாம் வெட்டில் தாள் மெலியும். மூன்றாம் முறை வருவது நூல்போல வெளிறிப்போய், வாயில் போட்டால் வெங்காய வாசனையே இல்லாமல் புல்லாக இருக்கும். வெங்காயத்தின் காரமும் மணமும் கந்தகச் சேர்மங்களிலிருந்து வருபவை; அந்தக் கந்தகத்தைச் செடி வேர் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. வெறும் தண்ணீரில் அது போதிய அளவு கிடைப்பதில்லை. அதனால் டம்ளர் முறையை நான் வளர்ப்பு என்று சொல்வதில்லை. வாங்கிய கட்டைப் பத்துப் பன்னிரண்டு நாள் வாடாமல் வைத்திருந்து, கூடவே ஓர் அறுவடையும் எடுத்துக்கொள்ளும் சேமிப்பு முறை அது. அந்த அளவில் அது அருமையான முறை.

ஓர் எச்சரிக்கை. தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் வேர் அழுகி, சமையலறை முழுவதும் முட்டை கெட்ட நாற்றம் அடிக்கும். அதைவிடப் பெரிய கவலை கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, இப்படி வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடுகிறது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் பால்கனியில் டம்ளர் வைப்பதையே நான் நிறுத்திவிட்டேன்.

அதே வேர்ப்பகுதியை நேராக மண்ணில் ஊன்றினால் கதை மாறுகிறது. முதல் வாரம் மண்ணில் இருப்பது பின்தங்கும், டம்ளரில் இருப்பது முந்தும். மூன்றாம் வாரம் மண்ணில் இருப்பதன் தாள் தடித்து, கருநீலம் கலந்த பச்சையாகி, மேலே மெழுகு பூசினாற்போல ஒரு சாம்பல் பூச்சு தெரியும். டம்ளரில் வேர் விடவைத்துப் பிறகு மண்ணுக்கு மாற்றலாம் என்று பலரும் சொல்வதுண்டு. எனக்கு அதில் பயன் கிடைக்கவில்லை. தண்ணீரில் விட்ட வேர் மிகவும் மென்மையானது, வலுவற்றது. மாற்றும்போதே பாதி ஒடிந்துவிடுகிறது. வாங்கி வந்த அன்றே ஊன்றிவிடுவது நல்லது.

இந்த வழியில் எவ்வளவு காலம் ஓடும் என்பது, கடையில் உங்களுக்கு எந்த வெங்காயம் கிடைத்தது என்பதைப் பொறுத்தது. வெங்காயத்தாள் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு செடிகள் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று, நாம் சாம்பாரில் போடும் அதே ஆலியம் சீபா இனம், கிழங்கு பருக்கும் முன்பே பிடுங்கியது. அடியில் கோலிக்குண்டு போன்ற சிறு வெள்ளைக் கிழங்கு இருக்கும். மற்றது ஆலியம் ஃபிஸ்டுலோசம். அது கிழங்கே வைக்காது, அடிமுதல் நுனிவரை ஒரே பருமனாக நேராக இருக்கும், பக்கத்தில் கிளைத்துத் தூராகப் பெருகும். சீனத்திலும் ஜப்பானிலும் சமையலுக்கு அதிகம் பயன்படுவது இந்த இரண்டாவது. அப்படிப்பட்ட நேர்த்தண்டுக் கட்டு கண்ணில் பட்டால் விடாதீர்கள். என் தொட்டியில் அது ஒன்றரை ஆண்டுக்கு மேல் நின்றது. கிழங்கு வைத்த வகை மூன்று நான்கு வெட்டுக்குமேல் தாங்காது.

இப்போது என் வீட்டில் நிலைத்துவிட்ட வழிக்கு வருகிறேன்: சின்ன வெங்காயம்.

கடையில் கிலோ கணக்கில் வாங்கும் அதே சின்ன வெங்காயம்தான். பெரம்பலூர், திண்டுக்கல், நாமக்கல் பக்கத்து விவசாயிகள் காலங்காலமாகச் செய்வதும் இதுவே. அறுவடையில் ஒரு பங்கைப் பட்டறை என்னும் சேமிப்புக் குவியலில் காய வைத்து, அடுத்த பருவத்துக்கு விதை வெங்காயமாக ஊன்றுகிறார்கள். அவர்கள் கிழங்குக்காக அறுபத்தைந்து, எழுபது நாள் காத்திருக்கிறார்கள். நமக்குத் தாள்தான் வேண்டும் என்பதால் மூன்று வாரத்திலேயே கத்தரிக்கோலை எடுத்துவிடலாம்.

இதன் பலம் இரண்டு இடத்தில் இருக்கிறது. கிழங்கில் ஏற்கெனவே சத்து இருப்பதால் முளை உடனே வலுவாகக் கிளம்புகிறது. அத்தோடு சின்ன வெங்காயத்தின் இயல்பே பிரிந்து பெருகுவது. ஒன்றைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள்: ஒரே வளையமாக இல்லாமல் உள்ளே இரண்டு மூன்று தனித்தனி மையங்கள் தெரியும். ஒவ்வொரு மையமும் ஒரு குருத்து. ஆக, ஒரு வெங்காயம் ஊன்றினால் மூன்று நான்கு குருத்துகள், குருத்துக்கு மூன்று நான்கு தாள்கள். ஓரடிக்கு ஓரடி தொட்டியில் இரண்டு அங்குல இடைவெளியில் முப்பத்தாறு வெங்காயம் ஊன்றலாம். பொரியலுக்கான கணக்கு நிறைவேறுவது இந்தத் தொட்டியில்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் ஆண்டில் அது தெரியாமல் நான் ஏமாந்தேன். பளபளவென்று புது வெங்காயமாகத் தேடி வாங்கி நட்டேன். மூன்று வாரம் ஆகியும் அசையவில்லை. அறுவடையான கையோடு வரும் வெங்காயம் உறக்கத்தில் இருக்கும்; இரண்டு மாதம் போலக் கழிந்தால்தான் முளைக்க மனம் வரும். சமையலுக்குப் பழைய வெங்காயத்தைத் தேடுகிற நம் பாட்டிமார் கண்ணே இங்கும் வேண்டும். தோல் நன்றாகச் சிவந்து காய்ந்து, கழுத்து சுருங்கி, அழுத்தினால் கல்போல இருக்கும் பழைய வெங்காயத்தை எடுங்கள். கூடையில் தானாகவே பச்சை நுனி எட்டிப் பார்ப்பவை இருந்தால் இன்னும் நல்லது; முதல் உரிமை அவற்றுக்குத்தான். மெத்தென்று இருப்பதை நடாதீர்கள், அழுகும்.

ஆறு அங்குல ஆழத் தொட்டி போதும், ஏனென்றால் வெங்காயத்தின் வேர் ஆழம் போவதில்லை. பழைய பிளாஸ்டிக் தொட்டி, தெர்மாகோல் பெட்டி எதுவானாலும் அடியில் துளை கட்டாயம். செம்மண், மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், தென்னை நார்த்தூள் மூன்றையும் சம பங்காகக் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்துக்கொள்கிறேன். வெளித்தோலின் காய்ந்த சருகை மட்டும் நீக்கி, வேர்ப்பக்கம் கீழே இருக்க, கழுத்து மண்ணுக்கு மேல் லேசாகத் தெரியும்படி ஊன்ற வேண்டும். ஆழமாகப் புதைத்தால் மழை நாளில் கழுத்தில் தண்ணீர் நின்று அழுகிவிடும். வேர் மேலோட்டமாக இருப்பதால் மண் காய்வதைச் செடி தாங்காது. கோடையில் தினமும் பூவாளியால் தண்ணீர் தெளிக்கிறேன். மற்ற நாளில் விரலை ஒரு கணு அளவு மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரமில்லையென்றால் மட்டும்.

ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊற வைத்த நீரைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றினால் தாள் மறுபடி தடித்து வருகிறது. நாற்றத்தை ஒரு நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்று வெட்டு எடுத்தபின் தாள் மெலியத் தொடங்கும். அப்போது முழுத் தூரையும் பிடுங்கி, வெண்பகுதியோடு நறுக்கிக் கடைசிப் பொரியலாக்கிவிட்டுத் தொட்டியைப் புதுப்பித்துவிடுவேன். தாளையும் வெட்டிக்கொண்டு கிழங்கும் பருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தாள்தான் கிழங்குக்குச் சமைத்துப் போடுகிறது.

இரண்டு தொட்டிகளைப் பதினைந்து நாள் இடைவெளியில் தொடங்கினால் ஒன்று வெட்டும்போது மற்றொன்று வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு தொட்டிக்குக் கால் கிலோவுக்கும் குறைவான வெங்காயம்தான் செலவாகிறது. விலை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் வேண்டுமானால் தள்ளிப்போடலாம். மற்றபடி இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு தாள் தரும் வழியை நான் பார்க்கவில்லை.

முளைத்த பெரிய வெங்காயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எறிய மனம் வராதபோது செய்யலாம். வெளிமடல்கள் நன்றாக இருந்தால் அவற்றைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, முளையோடு கூடிய நடுப்பகுதியை அடித்தட்டு சிதையாமல் மண்ணில் வைத்தால் போதும். இரண்டோ மூன்றோ குருத்துகள் வரும். தாள் முரடாக இருக்கும், சாம்பாருக்கும் அடை மாவுக்கும் ஏற்றது. சில சமயம் தாளுக்குப் பதில் நடுவில் பருத்த உருண்டைத் தண்டு ஒன்று எழும்பி நுனியில் மொட்டு வைக்கும். வெங்காயம் முதல் பருவத்தில் கிழங்கும் மறு பருவத்தில் பூவும் வைக்கும் செடி. குளிர் பட்ட கிழங்குக்குப் பூக்கும் நினைப்பு சீக்கிரம் வந்துவிடும். மொட்டு வெடிக்கும் முன்பு ஒடித்துப் பொரியலில் சேர்த்துவிடுங்கள். விட்டால் தண்டு நாராகிவிடும்.

விதைக்கு வருவோம். இதற்குப் பொறுமை வேண்டும். தூவிய ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். பென்சில் பருமனில் வெட்டுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஆனால் முளை வரும் காட்சிக்காகவே ஒருமுறை செய்து பார்க்கலாம். மற்ற விதைகளைப்போல நுனியை நீட்டிக்கொண்டு வராது. ஊசியின் காதைப்போல வளைந்து, முழங்கால் மடித்தாற்போல மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். பிறகு ஒரு நாள் அந்த வளைவு நிமிரும்போது, நுனியில் கறுப்பு விதைத்தோல் தொப்பிபோல ஒட்டிக்கொண்டிருக்கும்.

விதையில் ஏமாற வாய்ப்பு அதிகம். வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓராண்டு தாண்டினாலே முளைப்புத் திறன் சரிந்துவிடும். ஒருமுறை கடையில் வாங்கிய பாக்கெட்டை முழுவதும் தூவிவிட்டு இருபது நாள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். நான்கே நாற்றுதான் வந்தது. பாக்கெட்டின் பின்னால் தேதியைப் பார்க்காதது என் பிழை. இப்போதெல்லாம் பத்து விதையை ஈரத் துணியில் மடித்து ஒரு டப்பாவில் வைத்துவிடுகிறேன். பத்து நாளில் ஏழெட்டு முளைத்தால்தான் மீதி தொட்டிக்குப் போகும். பாக்கெட்டில் வெறுமனே வெங்காயம் என்று இருக்கிறதா, பஞ்சிங் ஆனியன் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்; தாளுக்கு ஏற்றது பின்னது. சின்ன வெங்காயத்திலும் விதையில் வரும் ரகம் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 அப்படிப்பட்டது. விதை நிறமேற்றப்பட்டு இருந்தால் பூஞ்சைக்கொல்லி பூசியது என்று பொருள். கையைக் கழுவிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

சித்திரை வெயிலில் விதை தூவ வேண்டாம். மண் கொதித்தால் வெங்காய விதை முளைக்கத் தயங்கும். சென்னையில் மார்கழியும் தையும் இதற்கு ஏற்ற மாதங்கள். சின்ன வெங்காயத்துக்கு இந்தக் கட்டுப்பாடு குறைவு. பங்குனியில்கூட நட்டு எடுத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் எந்த வழியானாலும் பாடு. இரண்டாம் ஆண்டு தொடர்ந்து நான்கு நாள் பெய்த மழையில் ஒரு தொட்டி முழுவதும் கூழாகிவிட்டது. அதிலிருந்து மழைக்காலத்தில் தொட்டிகளைச் சுவரோரம், சாரல் படாத இடத்துக்கு இழுத்துவிடுகிறேன்.

வெயிலே விழாத வீடு என்றால் என்ன செய்வது? நான்கு மணி நேரமாவது நேர் வெயில் இல்லாமல் தொட்டியில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. தாள் நீண்டு, வெளிறி, தலை சாய்ந்துவிடும். அந்த வீட்டுக்கு டம்ளர்தான் சரி. கிழங்கின் சத்தில் வரும் முதல் வெட்டை எடுத்துக்கொண்டு அதோடு விட்டுவிடலாம். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கும் அதே பதில்.

தாளில் வெள்ளி நிறக் கீற்றுகள் தெரிந்தால் இலைப்பேன் வந்துவிட்டது என்று பொருள். தாள் பிரியும் இடுக்கில் பார்த்தால் மஞ்சள் துகள்களாக ஊரும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பிறகு மாலை வேளையில் சோப்பு நீர் கலந்த வேப்பெண்ணெய்க் கரைசல். அதிகமாகிவிட்டால் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிடுவேன். அடுத்து வருவது சுத்தமாக வரும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் தொட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வெங்காயமும் அதன் தாளும் அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு.

இப்போது என் பால்கனியில் இரண்டு சின்ன வெங்காயத் தொட்டிகள், ஓரமாக ஒரு நேர்த்தண்டுத் தூர், இவ்வளவுதான். விதைத் தட்டு தை மாதத்தில் மட்டும். இன்று காலை முதல் தொட்டியை இரண்டாம் முறையாக வெட்டினேன். கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், தாளை ஒரே ஒரு புரட்டு, அடுப்பை அணைத்தபின் ஒரு பிடி தேங்காய்த் துருவல். வெந்துவிட்டால் பச்சை நிறம் போய்விடும். அதனால் சாதம் வடித்த பிறகே வதக்கப் போகிறேன்.